கடல் கடந்த மணி

திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910ஆம் ஆண்டில் தோன்றியது. தமிழகத்தில் சென்னை அருங்காட்சியகத்துக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் பெருமை அதற்கு உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே நுழைந்து, முதுமக்கள் தாழிகளையும், செப்புத் திருமேனிகளையும், தொண்டைமான் மன்னர் காலத்துப் படைக்கலங்களையும், விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவே உள்ள அம்மன் காசையும் கண்டு வெளிவருவது இவ்வூர் அறிந்த காட்சி. சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் நார்த்தாமலையும் சூழ்ந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு அங்குக் கிடைக்கும் முதற்பாடம், தன் காலடி மண் பழமையானது என்பதாகும்.

தென்கடலின் கோடியில் மற்றோர் அருங்காட்சியகம் உள்ளது. நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனில், கடற்கரையை ஒட்டி 1998ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அந்நிறுவனத்தின் பெயர் தெ பாப்பா தொங்கரேவா. மாவோரி மொழியில் அதற்குக் கருவூலப் பேழை என்பது பொருள். பண்டு மாவோரிகள் கடல் கடந்த மரக்கலங்களின் மரபையும், செதுக்குவேலை மிகுந்த அவை இல்லங்களையும், பச்சைக்கல் அணிகளையும் அறிந்துகொள்ளவே மாணவர்கள் அங்குச் செல்கின்றனர். அந்த அருங்காட்சியகத்தின் சேமிப்பில் ஒரு சாண் உயரமும் இல்லாத, விளிம்பு உடைந்த ஒரு வெண்கல மணி இருக்கிறது. அதன்மீது சுற்றிலும் எழுத்துகள் உள்ளன. அவ்வெழுத்துகள் தமிழ்.

மாவோரிப் பண்பாட்டைக் கற்கச் சென்ற இடத்தில் தமிழ் வந்து நிற்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோர் தமிழரைப் பற்றி அறிவதைப் போலவே மாவோரிகளைப் பற்றியும் அறிந்துகொள்ள வேண்டியவராகின்றனர். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரைக்கும் இவ்வினாவில் பங்குண்டு.

கிழங்கு வெந்த கலம்

வில்லியம் கொலென்சோ என்பவர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1811ஆம் ஆண்டு பிறந்தவர், தொழிலால் அச்சாளர். கிறித்தவச் சமயப் பணிக் குழுவின் அச்சகத்தை நடத்துவதற்காக 1834ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்து சேர்ந்தார். மறு ஆண்டிலேயே மாவோரி மொழியில் ஒரு சிறு நூலை அச்சேற்றினார். அந்நாட்டில் அச்சான முதல் நூல் அது. 1837ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் அவர் கையால் மாவோரி மொழியில் வெளிவந்தது.

இவர் 1836ஆம் ஆண்டு வாக்கில், வடதீவின் வடபகுதியில், ஃபாங்கரே என்னும் இடத்தை அடுத்த உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றார். அங்கு மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலக் கலத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். உற்று நோக்கியபோது, கலமாக இருந்தது தலைகீழாகக் கவிழ்த்துப் பயன்படுத்தப்பட்ட ஒரு மணி என்பது தெரிந்தது. அதன் மீதிருந்த எழுத்து அவருக்குப் புரியவில்லை. கேட்டபோது, பெருங்காற்றில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்ததாகவும், அம்மரத்தின் வேர்களுக்கு இடையில் அது கிடைத்ததாகவும் அம்மக்கள் கூறினர். கொலென்சோ அவர்களுக்கு ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து, மணியைப் பெற்றுக்கொண்டார்.

இக்கதை சொல்லப்படும் இடங்களிலெல்லாம் ஒரு புன்னகையும் உடன் எழுவது வழக்கம். கப்பல் மணியில் கிழங்கு வேகவைத்தனரே என்பதே அப்புன்னகையின் பொருள். அது மாவோரி வாழ்வை அறியாமையால் எழுவது. ஐரோப்பியர் வருகைக்கு முன் மாவோரிகளிடம் உலோகம் இல்லை, மட்கலமும் இல்லை. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் கிழக்குப் பொலினீசியத் தீவுகளிலிருந்து பெருமரக்கலங்களில் வந்து குடியேறிய அம்மக்கள், கல்லையும் எலும்பையும் மரத்தையும் நாரையும் கொண்டே தம் வாழ்வை அமைத்துக்கொண்டனர். நிலத்தில் குழி தோண்டி, காய்ச்சிய கற்களை இட்டு, இலைகளால் மூடி உணவை அவிப்பதே அவர்களது முறை. நெருப்பின்மீது நேரே வைத்து நீரைக் கொதிக்கவைக்கக்கூடிய ஒரு கலம் அத்தகைய ஊரில் அருமையினும் அருமையான பொருளாகும். வேரடியில் கிடைத்த அப்பொருளின் வடிவத்தைக் கண்டு, அதன் தன்மையை அறிந்து, ஊருக்கு உதவும் பயனைக் கண்டறிந்தவர்கள் அப்பெண்கள். அவர்கள் அதைக் கல்லால் உடைத்திருக்கலாம். அறுத்துத் தூண்டில் ஆக்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் அடுப்பில் வைத்துக் காத்தனர். தமிழெழுத்து இன்று படிக்கக் கிடைப்பது அந்தப் பெண்களின் அடுப்படியினால்.

ஒன்றைக் கருதிப் பார்க்கலாம். தமிழகத்தின் கல்வெட்டுகள் பல துணி துவைக்கும் கல்லாகவும், வாய்க்கால் மதகாகவும், வீட்டுப் படியாகவும் பயன்பட்டவை. எழுத்தறியாதவர் கையில் கிடைத்த எழுத்து, பயன்பாட்டினால் உயிர் பிழைப்பது இம்மண்ணுக்கும் புதியதன்று.

எழுத்து சொல்வதும் சொல்லாததும்

1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மணியின் எழுத்துகள் தமிழ் என்பது உணரப்பட்டது. தமிழறிந்தோர் அதனைப் படித்தனர். படித்தவர்களுக்கிடையே எழுத்தளவில் சிற்சில வேறுபாடுகள் உண்டெனினும், அதன் வாசகம் 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்பதே. 1899ஆம் ஆண்டு மறைந்த கொலென்சோ, தம் விருப்பமுறியின் வழியே மணியை அரசு அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றார். அதுவே பின்னர் தெ பாப்பாவுக்கு வந்து சேர்ந்தது.

இவ்வாசகத்தைக் கவிஞர்கள் ஒருமுறை நின்று படிக்க வேண்டும். தமிழ்க் கல்வெட்டுகளைப் பழகியவர்களுக்கு மெய்க்கீர்த்திகளின் பெருமிதம் தெரியும். திருமகளும் நிலமகளும் மன்னனை மணந்த பின்னரே அவன் விட்ட நிலத்தின் எல்லை சொல்லப்படும். இம்மணியில் அத்தகைய அணி எதுவும் இல்லை, மன்னன் பெயரில்லை, ஆண்டு இல்லை, ஊர் இல்லை, இறைவணக்கமும் இல்லை. இரண்டு 'உடைய' மட்டும் உண்டு. மணி கப்பலுடையது, கப்பல் இன்னாருடையது. செய்யுள் மரபு நாணக்கூடிய இவ்வெளிய தொடர், துறைமுகத்தில் ஒரு பொருளை இன்னாருடையது என்று அடையாளம் காட்டுவதற்கு வேண்டிய அளவே சொல்லி நின்றுவிடுகிறது. வணிகன் எழுதிய தமிழ் இது. புலவர் தமிழும் அரசவைத் தமிழும் நிலைத்து நிற்பதற்கு ஏடும் கல்லும் துணைநின்றன. பண்டமாற்றுத் தமிழ், கணக்குத் தமிழ், கடல்தமிழ் ஆகியவற்றில் எஞ்சியிருப்பவை மிகக் குறைவு. அக்குறைவான எச்சங்களுள் ஒன்று, உருவான கரையிலிருந்து மிகத் தொலைவில் கிடைத்திருக்கிறது.

பெயர் நோக்கத்தக்கது. முகியித்தீன் என்பது பாக்தாத் நகரில் வாழ்ந்து 1166ஆம் ஆண்டு மறைந்த இறைநேசர் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பெயர். தமிழ் முசுலிம் மக்களிடையே அப்பெயர் முகியித்தீன், முகைதீன், மொகிதீன், மைதீன் எனப் பல வடிவங்களில் வழங்குகிறது. பத்ருத்தீன் புலவர் அவர்மீது முகியித்தீன் புராணம் பாடினார். 'வக்குசு' என்பது பாரசீகத்தின் 'பக்ஷ்'. கொடை, அருட்கொடை என்பது அதன் பொருள். இதே கருத்தைத் தமிழ்ச் சொல்லால் சொன்னால் கிடைக்கும் பெயர் மைதீன் பிச்சை. கோட்டைப்பட்டினத்திலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ அப்பெயரைச் சொல்லி அழைத்தால் எவரேனும் ஒருவர் திரும்பிப் பார்ப்பார். நியூசிலாந்தில் வியப்புக்குரிய புதிராக இருக்கும் ஒரு பெயர், கிழக்குக் கடற்கரையில் அண்டை வீட்டுக்காரரின் பெயர்.

முகைய்யதீன் வக்குசு என்பது கப்பல் உடையவரின் பெயரா, கப்பலின் பெயரா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. தொடரின் அமைப்பு உடையவரையே சுட்டுவதாகத் தோன்றுகிறது. ஆயினும் 'பக்ஷ்' என முடியும் பெயர்களைக் கப்பல்களுக்கு இடும் வழக்கமும் இந்தியக் கடற்கரைகளில் இருந்தது. மணியின் காலத்தைப் பற்றியும் முடிந்த முடிபு இல்லை. எழுத்தின் பழமையை நோக்கி அது ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முற்பட்டது என முன்னர்ச் சிலர் மதிப்பிட்டனர். 17 அல்லது 18ஆம் நூற்றாண்டினது எனப் பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். ஏட்டெழுத்தும் வணிகர் கையெழுத்தும் பழைய வடிவங்களை நெடுங்காலம் விடாது போற்றியவை. ஆதலின் சில எழுத்துகளை மட்டும் கொண்டு நூற்றாண்டை உறுதிசெய்வது எளிதன்று.

கடலில்லா அரசும் கடலுள்ள மாவட்டமும்

தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டை அரசுக்குக் கடற்கரை இல்லை. 1948ஆம் ஆண்டு அவ்வரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974ஆம் ஆண்டு சனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, தஞ்சை மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதியும் அதனோடு சேர்ந்தது. அப்போதுதான் இம்மாவட்டத்துக்குக் கடல் கிடைத்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என நீளும் அக்கரையின் நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பட்டினம் என்னும் ஈறு அவ்வூர்களின் பழந்தொழிலைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சோழமண்டலக் கரையில் நாகூர், நாகப்பட்டினம் தொடங்கித் தெற்கே காயல்பட்டினம் வரை கப்பல் வாணிகத்தில் சிறந்து விளங்கியவர்கள் மரைக்காயர்கள். மரக்கலம் என்னும் சொல்லோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவோர் உளர். இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பினாங்குக்கும் துணியும் அரிசியும் ஏற்றிச் சென்று, பாக்கும் மிளகும் தகரமும் கொண்டு திரும்பியவர்கள் அவர்கள். முகைய்யதீன் வக்குசு இக்கரையின் எந்த ஊரினர் என்று சொல்லச் சான்றில்லை. நாகப்பட்டினமும் கீழக்கரையும் அவரை உரிமை கொண்டாடலாம், கோட்டைப்பட்டினமும் கொண்டாடலாம். ஊர் பொறிக்காமல் விட்டதனால் அவர் கரை முழுவதற்கும் உரியவராகிவிட்டார்.

கடலில்லாப் புதுக்கோட்டையும் கடல்வாணிகத்தை அறியாததன்று. நார்த்தாமலையில் வணிக நகரம் ஒன்று செழித்திருந்தது. சோழர் காலத்தில் அது தெலுங்ககுலகாலபுரம் என்னும் பெயர் பெற்றது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனப்பட்ட பெருவணிகக் குழுவினரின் சுவடுகள் இவ்வட்டாரத்துக் கல்வெட்டுகளில் உள்ளன. அதே குழுவினர் 1088ஆம் ஆண்டு சுமத்திராத் தீவின் பாரூசு அருகே தமிழில் கல்வெட்டு நிறுத்தினர். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று சீனத்தின் குவான்சௌ நகரில் கிடைத்துள்ளது. ஆகவே, தமிழெழுத்து கடல் கடந்தது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட வரலாறு. அவ்வரலாறு நிலைபெறுவதற்கு நியூசிலாந்து மணி தேவையில்லை.

இவ்வருங்காட்சியகம் தோன்றிய காலத்தில் ஆட்சி புரிந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானும் தென்கடல் சென்றவரே. ஆத்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்னும் பெண்ணை 1915ஆம் ஆண்டு மணந்தார். ஆங்கிலேய அரசு அம்மணத்தை ஏற்க மறுத்தது. தென்திசைக் கடலுக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஒரு கதை முன்பே உண்டு என்பதற்காகவே இது நினைக்கத்தக்கது.

உரிமை கொண்டாடுதலின் எல்லை

தமிழர் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தனர் என்று மேடைகளில் முழங்குவதற்கு இம்மணி பலமுறை பயன்பட்டிருக்கிறது. வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் போன்ற அறிஞர், பழந்தமிழ்க் கடலோடிகள் ஆத்திரேலியாவையும் பொலினீசியாவையும் அறிந்திருக்கக்கூடும் என்று கருதினார். அவர் கூறியது 'கூடும்' என்ற அளவிலேயே. பின்வந்தோர் சிலர் அந்தக் 'கூடும்' என்பதை விட்டுவிட்டனர். இலக்கியத்தில் ஒரு சொல் விடுபட்டால் பொருள் கெடும். வரலாற்றில் விடுபட்டால் நேர்மை கெடும்.

மணி சென்றது என்பது உண்மை. கப்பல் சென்றது என்பது ஊகம். கப்பலில் தமிழர் சென்றனர் என்பது ஊகத்தின்மேல் ஊகம். மணி அக்கரை சேர்ந்த வழியைப் பற்றிப் பல கருத்துகள் உள்ளன. மாலுமிகளை இழந்த கப்பலொன்று தென்கடலின் மேற்குக் காற்றாலும் நீரோட்டத்தாலும் இழுக்கப்பட்டு அங்குச் சென்று உடைந்திருக்கலாம் என்பது ஒன்று. ஐரோப்பியர் கைப்பற்றிய தமிழ்க் கப்பலின் மணி, வேறொரு கப்பலில் ஏறிப் போயிருக்கலாம் என்பது மற்றொன்று. மணி என்பது எளிதில் கைமாறும் பொருள். வெண்கலத்துக்கு எக்கரையிலும் விலையுண்டு. மணியின் பயணத்தை உடையவரின் பயணமாகக் கொள்வது, தெருவில் கிடைத்த மோதிரத்தைக் கொண்டு அதன் உரியவர் அத்தெருவில் வாழ்ந்தார் என்று முடிவு செய்வதற்கு ஒப்பாகும்.

புதுச்சேரியிலிருந்து ஒரு கப்பல்

ஊகங்களை ஒதுக்கிவிட்டு உறுதியான சான்றுகளை நாடினால், தமிழ்க் கரையையும் மாவோரிக் கரையையும் இணைக்கும் நிகழ்ச்சியொன்று கிடைக்கிறது. 1769ஆம் ஆண்டு சூன் மாதத்தில் புதுச்சேரியிலிருந்து 'சேன் ழான் பப்திஸ்த்' என்னும் பிரெஞ்சு வணிகக் கப்பல் புறப்பட்டது. தலைவர் ழான் பிரான்சுவா மரீ தெ சுர்வீல். கப்பலில் இலசுக்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகளும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் புதுச்சேரியினர். அவ்வாண்டு திசம்பரில், நோயால் மாலுமிகள் பலரை இழந்து, குடிநீரும் கீரையும் தேடி, நியூசிலாந்தின் வடகோடியில் ஒரு விரிகுடாவில் அது நங்கூரமிட்டது. மணி கிடைத்த ஃபாங்கரே, அவ்விரிகுடாவுக்குத் தெற்கே உள்ளது. அதே மாதத்தில் குக்கின் கப்பலும் அக்கடற்பகுதியில் இருந்தது. ஒருவரையொருவர் காணாமலே இரு கப்பல்களும் கடந்து சென்றன.

மாவோரிகள் நோயுற்றவர்களுக்கு உணவளித்தனர். கடும்புயல் ஒன்று எழுந்தபோது கரையில் சிக்கிக்கொண்ட நோயாளிகளை இரங்கினுயி என்னும் தலைவர் ஆதரித்தார். புயலில் சுர்வீல் தம் நங்கூரங்களை இழந்தார். சிறுபடகு ஒன்றும் அறுத்துக்கொண்டு கரையொதுங்கியது. அதனை மாவோரிகள் எடுத்துச் சென்றனர். கரையொதுங்கியது கண்டெடுத்தவர்க்கு என்பது அவர்கள் வழக்கம். அதைத் திருட்டெனக் கொண்ட சுர்வீல், குடிசைகளையும் படகுகளையும் கொளுத்தி, உணவளித்த இரங்கினுயியையே சிறைப்பிடித்துக் கப்பலில் ஏற்றிச் சென்றார். தென்னமெரிக்காவை நோக்கிய பயணத்தில், 1770ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், தம் மண்ணைவிட்டு நெடுந்தொலைவில் இரங்கினுயி இறந்தார். இரு வாரங்களுக்குப்பின் பெரு நாட்டுக் கரையில் படகு கவிழ்ந்து சுர்வீலும் இறந்தார்.

அக்கப்பல் விட்டுச் சென்ற நங்கூரங்கள் 1974ஆம் ஆண்டில் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று தெ பாப்பாவின் சேமிப்பில் உள்ளது. தமிழ்மணியும் புதுச்சேரியிலிருந்து சென்ற கப்பலின் நங்கூரமும் ஒரே நிறுவனத்தின் காப்பில் இருக்கின்றன. அக்கப்பல்தான் மணியைக் கொண்டுசென்றது என்று சொல்வதற்குச் சான்று எதுவும் இல்லை. அவ்வாறு சொல்வதும் முறையன்று. ஆனால் இருபொருள்களும் சேர்ந்து ஓர் உண்மையைச் சொல்கின்றன. இந்தியக் கரையிலிருந்து மாவோரிக் கரைக்குப் பொருள்கள் சென்ற பாதை அன்பின் பாதையாக மட்டும் இருக்கவில்லை. கரையொதுங்கிய ஒரு படகை எடுத்ததற்காக ஊர் எரிந்த நிலத்தில்தான், மரத்தின் வேரடியில் கிடைத்த மணியை எடுத்து வைத்துக்கொண்ட மக்களும் வாழ்ந்தனர். அவர்களிடமிருந்து அது ஓர் இரும்புப் பானைக்கு மாறியது. அப்பண்டமாற்றில் வஞ்சனை இருந்ததாகச் சொல்ல இயலாது. சமைப்பதற்கு இரும்புப் பானையே மேலானது. எனினும், மணியை விட்டுக்கொடுத்த பெண்களின் பெயர்கள் எங்கும் பதியப்படவில்லை. வாங்கியவர் பெயர் உண்டு. கப்பல் உடையவர் பெயரும் உண்டு. இடையில் காத்தவர் பெயர் மட்டும் இல்லை.

தாவொங்கா

மாவோரி மொழியில் தாவொங்கா என்றொரு சொல் உண்டு. செல்வம், கருவூலம் என்று அதனை மொழிபெயர்ப்பர். ஆயினும் பொன்னும் மணியும் மட்டும் தாவொங்கா ஆகா. முன்னோர் அணிந்த ஆடை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பச்சைக்கல், ஓர் ஆறு, ஒரு பாட்டு, ஒரு மொழி ஆகிய யாவும் தாவொங்கா. ஒரு பொருளின் மதிப்பு அதன் விலையால் அமையாமல், அது யார் யார் கையில் இருந்தது என்னும் கதையால் அமைகிறது. கை மாற மாறப் பொருளின் மாண்பு கூடுகிறது. பெயர்களை வரிசையாகச் சொல்லும் வம்சவழி மரபு அவர்களுக்கு உயிர்நிலை. வந்த மரக்கலத்தின் பெயர் தொடங்கித் தம் பெயர் வரை சொல்ல வல்லவரையே அவர்கள் கற்றவராக மதித்தனர். கப்பலின் பெயரால் குலத்தை அறியும் மக்களிடம், எழுத்துப் பொறித்த ஒரு கப்பல் மணி போய்ச் சேர்ந்திருக்கிறது. எழுத்து அறிந்திருந்தால் அவர்கள் அதன் பொருளை எவரினும் நன்றாக உணர்ந்திருப்பர்.

மொழியே தாவொங்கா என்று அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டிய காலமும் வந்தது. 1840ஆம் ஆண்டு வைத்தாங்கியில் மாவோரித் தலைவர்களுக்கும் ஆங்கில முடியாட்சிக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்விடத்தில் உடனிருந்த கொலென்சோ, தலைவர்கள் உடன்படிக்கையை உண்மையாகவே புரிந்துகொண்டனரா என்று ஆளுநரிடம் கேட்டார். அவருடைய ஐயம் புறக்கணிக்கப்பட்டது. பின்வந்த தலைமுறைகளில், பள்ளியில் தாய்மொழி பேசிய மாவோரிப் பிள்ளைகள் அடிபட்டனர். 1970களில் அம்மொழி அழியும் விளிம்பில் நின்றது. 1972ஆம் ஆண்டு மாணவர்களும் இளைஞர்களும் முன்னின்று, மொழியைப் பள்ளிகளில் கற்பிக்கக் கோரி நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அளித்தனர். 1982ஆம் ஆண்டில், மூத்தோர் குழந்தைகளோடு மாவோரியில் மட்டுமே பேசி வளர்க்கும் மொழிக்கூடுகள் தொடங்கப்பட்டன. 1987ஆம் ஆண்டில் மாவோரி அலுவல்மொழியாயிற்று. அழிவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பிய மொழி அது. திருப்பியவர்கள் பாட்டிகளும் மாணவர்களும்.

மொழிக்காக மாணவர் திரண்டதை 1965ஆம் ஆண்டிலேயே கண்ட தமிழகத்துக்கு இவ்வரலாறு அயலானதன்று. மணியை மாவோரிகள் அறியாமையின் சின்னமாகக் காட்டும் உரைகளில், இவ்வுறவு மறைக்கப்பட்டுவிடுகிறது. பெருமை பேசுவதற்கு ஒரு மக்களைச் சிறுமைப்படுத்த வேண்டியிருக்குமானால், அப்பெருமையில் ஏதோ குறையுள்ளது என்பதே பொருள்.

ஒலிக்க வேண்டிய ஓசை

திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்துக்கு வரும் மாணவர்கள் ஒவ்வொரு பொருளின் அருகிலும் உள்ள சிறு அட்டையைப் படிக்கின்றனர். கிடைத்த இடம், காலம், அரசமரபு என்பன அதில் இருக்கும். கண்டெடுத்த உழவரின் பெயரோ, மண்வெட்டியில் தட்டுப்பட்டபோது கையை நிறுத்திக்கொண்ட கூலியாளின் பெயரோ பெரும்பாலும் இராது. ஃபாங்கரேப் பெண்களைப் போலவே அவர்களும் பெயரின்றி வரலாற்றைக் காத்தவர்கள். வெலிங்டன் மணியின் படிமமோ நிழற்படமோ ஒருநாள் இங்கு வைக்கப்படுமாயின், அதன் அட்டையில் எழுதுவதற்கு மூன்று வரிகள் போதும். இதை வார்த்தவர் தமிழ்க் கரையினர். இதைக் காத்தவர் மாவோரிப் பெண்கள். இது சென்ற வழி தெரியவில்லை.

மூன்றாம் வரியை எழுதுவதற்குத்தான் துணிவு வேண்டும். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியவில்லை என்றும் எழுதும் பழக்கம் ஒரு மொழியின் வலிமை. ஆயிரமாண்டுக் கல்வெட்டுகளை ஆண்டு, திங்கள், நாள்மீன் என்று கணக்கோடு வெட்டிவைத்த மண்ணுக்கு அப்பழக்கம் புதிதன்று. கற்பனைக்கு உரிய இடம் கவிதை. அங்கு முகைய்யதீன் வக்குசுவின் கப்பலை எக்கடலிலும் செலுத்தலாம், எவரும் தடுக்கமாட்டார்.

மணியின் நாக்கு எப்போதோ விழுந்துவிட்டது, விளிம்பும் உடைந்தது. ஒரு காலத்தில் அது மேல்தளத்தில் ஒலித்து, காவல் மாறும் நேரத்தை மாலுமிகளுக்கு அறிவித்தது. பின்னர் ஒரு சிற்றூரில் கிழங்கு வெந்து, பிள்ளைகளின் பசியாற்றியது. இப்போது அது ஒலிப்பதில்லை, சமைப்பதும் இல்லை. தன் பெயரைப் படிக்கத் தெரிந்தவர் எவரேனும் வருவாரா என்று காத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் கோட்டைப்பட்டினத்திலும் மீமிசலிலும் மணமேல்குடியிலும் பள்ளிக்கூடங்களில் இருக்கின்றனர். அவர்களுக்கு அம்மணியைப் பற்றிச் சொல்லும்போது, அதை அடுப்பில் வைத்துக் காத்த கைகளைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.